குரோதி ஆண்டுப் பிள்ளைகள்: 1904 அக்டோபரில் பிறந்த மூவரும் ஏலமலையும்

வண்டன்மேட்டிற்குக் கிழக்கே மலை சரிந்து கம்பம் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. மேற்கே, கட்டப்பனைக்கு அப்பால், பெரியாற்றங்கரையில் அய்யப்பன்கோவில். தெற்கே குமுளியை ஒட்டி அமராவதி. ஏலக்காய் ஏலத்திற்குப் பெயர்பெற்ற இந்தச் சிற்றூரை நடுவில் வைத்துப் பார்த்தால், சுதந்திர இந்தியாவின் முதல் இருபது ஆண்டுகளில் மலைமக்களைப் பற்றி எடுக்கப்பட்ட பல முடிவுகள் இந்த வட்டத்தைத் தொட்டே சென்றிருப்பது புலப்படும். அம்முடிவுகளோடு தொடர்புடைய இருவர் ஒரே மாதத்தில், அடுத்தடுத்த நாள்களில் பிறந்தவர்கள் என்பது வரலாற்று நூல்களில் பேசப்படுவதில்லை.

1904 அக்டோபர் 1ஆம் நாள் வடமலபாரில், கண்ணூரை அடுத்த பெரளசேரிப் பகுதியில் ஏ. கே. கோபாலன் பிறந்தார். மறுநாள், அக்டோபர் 2ஆம் நாள், காசிக்கு அருகே முகல்சராயில் லால் பகதூர் சாஸ்திரி பிறந்தார். அதே மாதம் 27ஆம் நாள் கல்கத்தாவில் ஜதீந்திரநாத் தாஸ் பிறந்தார். முதலாமவர் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி வரிசையின் முதன்மைக் குரலானார். இரண்டாமவர் நாட்டின் பிரதமரானார். மூன்றாமவர் இருபத்தைந்தாம் பிறந்தநாளுக்கு ஆறு வாரம் இருக்கையில் லாகூர்ச் சிறையில் உண்ணாமல் உயிர்நீத்தார்.

பிறந்தநாள் ஒற்றுமையை மட்டும் பிடித்துக்கொண்டு வரலாறு எழுதுவது சோதிடத்தின் வேலை. அதே அக்டோபர் 1ஆம் நாள்தான் வியன்னாவில் அணுப்பிளவு ஆய்வில் பங்கேற்ற இயற்பியலர் ஓட்டோ ஃபிரிஷ் பிறந்தார். அதே 2ஆம் நாள்தான் இங்கிலாந்தில் நாவலாசிரியர் கிரகாம் கிரீன் பிறந்தார். அவர்களுக்கும் ஏலமலைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. தமிழ்க் கணக்கில் பார்த்தால் 'ஒரே மாதம்' என்பதே நிற்காது. கோபாலனும் சாஸ்திரியும் புரட்டாசியில் பிறந்தவர்கள், ஜதீந்திரநாத் ஐப்பசியில் பிறந்தவர். மூவருக்கும் பொதுவாக எஞ்சுவது குரோதி ஆண்டு ஒன்றே. ஆனால் ஒரு தலைமுறை எந்த வயதில் எந்த நிகழ்ச்சியை எதிர்கொண்டது என்பது சோதிடம் அன்று. 1921இல் ஒத்துழையாமை இயக்கம் நாட்டை உலுக்கியபோது இம்மூவருக்கும் பதினாறு, பதினேழு வயது. அந்த வயதில் அவர்கள் கற்றுக்கொண்ட அரசியல் மொழி ஒன்றே. அந்த மொழியின் முதற்சொல் பட்டினி.

சாஸ்திரி தந்தையை ஒன்றரை வயதில் இழந்து தாய்வழிப் பாட்டன் வீட்டில் வளர்ந்தவர். 1921இல் காசியில் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு இயக்கத்தில் சேர்ந்தார். பிறகு காசி வித்யாபீடத்தில் பயின்று 1925இல் பெற்ற பட்டம்தான் 'சாஸ்திரி'. அது சாதிப்பெயர் அன்று. ஜதீந்திரநாத்தும் அதே இயக்கத்தில் சிறை சென்று, பின்னர் வங்கப் புரட்சிக் குழுக்களின் பக்கம் போனார். கோபாலன்தான் இருவரினும் மெதுவாக நகர்ந்தவர். தலச்சேரியில் படித்து, ஆசிரியப் பணியில் ஏழாண்டு இருந்து, 1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்திற்காக அப்பணியைத் துறந்தார். தலைமுறை ஒன்றாயினும் நடை ஒன்றன்று.

ஜதீந்திரநாத்தின் கதை சுருக்கமானது, கொடியது. 1929 ஜூனில் லாகூர்ச் சதி வழக்கில் கைதானார். பகத்சிங்கும் அவருடைய தோழர்களும் அரசியல் கைதிகளை மனிதராக நடத்த வேண்டுமென்று உண்ணாநிலைப் போராட்டம் நடத்திக்கொண்டிருந்தபோது, ஜூலை 13ஆம் நாள் அவரும் அதில் இணைந்தார். முன்பே மைமன்சிங் சிறையில் இருபது நாள் உண்ணாதிருந்த அனுபவம் அவருக்கு உண்டு. சிறை அதிகாரிகள் குழாய்வழியாகக் கட்டாயமாக உணவு செலுத்த முயன்றதில் அவருடைய நுரையீரல் கெட்டது. 63ஆம் நாளான செப்டம்பர் 13 அன்று அவர் இறந்தார். உடல் லாகூரிலிருந்து கல்கத்தாவுக்கு இரயிலில் சென்றபோது வழிநெடுகக் கூடிய கூட்டமும், கல்கத்தாவில் சுபாஷ் சந்திர போஸ் முன்னின்று நடத்திய இறுதி ஊர்வலமும் பலமுறை எழுதப்பட்டவை. அவ்வளவாக எழுதப்படாத ஒன்று உண்டு. காந்தியின் உண்ணாநோன்பு எதிராளியின் மனச்சான்றை நோக்கியது. ஜதீந்திரநாத்தின் உண்ணாமை சிறைச்சோற்றின் தரம், உடை, படிப்பதற்கு நூல், செய்தித்தாள் என்று பட்டியலிடத்தக்க உரிமைகளை நோக்கியது. தூய்மைச் சடங்காக இருந்ததை அவர் ஒரு கோரிக்கை மனுவாக மாற்றினார்.

இந்த இரண்டாம் வகைப் பட்டினியைத் தென்னிந்தியாவில் மக்கள் போராட்டமாக வளர்த்தவர்களுள் கோபாலன் முதன்மையானவர். அவர் பயின்ற பள்ளி குருவாயூர். 1931 நவம்பரில் தொடங்கிய ஆலய நுழைவுச் சத்தியாக்கிரகத்தில் தொண்டர்படைத் தலைவராக இருந்து அடிபட்டார். மறு ஆண்டு கேளப்பன் அங்கே உண்ணாநோன்பு இருந்ததையும், காந்தியின் வேண்டுகோளால் அதை நிறுத்தியதையும் உடனிருந்து கண்டவர். 1936இல், வேலையற்ற எளியோரின் நிலையைச் சொல்வதற்காகக் கண்ணூரிலிருந்து சென்னைவரை ஒரு கூட்டத்தை நடத்தியே அழைத்துச் சென்றார். அந்தப் பயணத்தின் பெயரே பட்டினி ஜாதா. நோன்பு ஒருவர் விரும்பி ஏற்பது, பட்டினி விரும்பாமல் வந்து சேர்வது. மலையாளமும் தமிழும் பகிர்ந்துகொள்ளும் 'பட்டினி' என்ற சொல்லைத் தேர்ந்தபோதே அந்த வேறுபாடு சொல்லப்பட்டுவிட்டது.

பொதுவுடைமையாளர் ஒருவர் உண்ணாவிரதத்தைக் கைவிடாமல் வைத்திருந்தது பலருக்குப் புதிராகத் தோன்றியதுண்டு. கோபாலனின் வாழ்க்கை வரிசையைப் பார்த்தால் அதில் புதிர் இல்லை. 1941இல் வேலூர்ச் சிறையிலிருந்து தப்பியவர், 1947 ஆகஸ்டு 15ஐக் கண்ணூர்ச் சிறைக்குள் கழித்தவர், அவ்வாண்டு டிசம்பரில் மீண்டும் அடைக்கப்பட்டவர் அவர். சிறையிலிருப்பவனுக்குத் தன் உடல் ஒன்றே கருவி. அந்தக் காவலை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கில் 1950 மே 19ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இன்றும் சட்ட மாணவர்களின் முதற்பாடங்களுள் ஒன்று. பெரும்பான்மை நீதிபதிகள் தடுப்புக்காவல் சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்றனர். மாறுபட்ட தீர்ப்பெழுதியவர்களுள் ஒருவர் சையது ஃபசல் அலி. அடிப்படை உரிமைகளைத் தனித்தனிப் பெட்டிகளாகப் பிரித்துப் பார்க்கலாகாது என்ற அவருடைய கருத்தையே 1970களில் உச்ச நீதிமன்றம் வந்தடைந்தது.

இங்கே ஏலமலைக்குள் நுழைந்தாக வேண்டும். ஏனெனில் அதே ஃபசல் அலிதான் 1953இல் அமைந்த மாநில மறுசீரமைப்பு ஆணையத்தின் தலைவர். 1955இல் வெளிவந்த அவ்வறிக்கை திருவிதாங்கூரின் தென்பகுதித் தமிழ் வட்டங்களைச் சென்னை மாநிலத்திற்குப் பரிந்துரைத்தது. தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் கேரளத்திலேயே விட்டது. அவ்விரு வட்டங்களிலும் தமிழ் பேசுவோர் மிகுதி என்பதை ஆணையம் மறுக்கவில்லை. ஆனால் அந்த மிகுதி தோட்ட வேலைக்கு வந்து போகும் தொழிலாளரால் ஏற்பட்டது என்று கருதியது. பொருளாதாரக் காரணங்களும் சொல்லப்பட்டன. ஆயினும் முடிவின் அடியில் இருந்த எண்ணம் ஒன்று: உழைக்க வந்தவர் ஊர்க்காரர் ஆகார்.

இந்த எண்ணத்திற்கு அண்டை நாட்டில் ஓர் இரட்டை உண்டு. இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே இயற்றிய குடியுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1947 தேர்தலில் தங்கள் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்திற்கு அனுப்பியவர்களுள் பெரும்பாலோர் அடுத்த தேர்தலில் வாக்காளர் பட்டியலிலேயே இல்லை. கொழும்பு சொன்ன நியாயமும் இவர்கள் வந்து போகும் கூலிகள் என்பதே. இரண்டையும் சமன்படுத்த முடியாது. தேவிகுளத்துத் தொழிலாளி மாநில எல்லையில் தோற்றாலும் இந்தியக் குடிமகனாகவே இருந்தான், நுவரெலியாவின் தொழிலாளி எந்த நாட்டுக்கும் உரியவன் அல்லன் ஆனான். விளைவு வேறு. ஆனால் வாதம் ஒன்றே. அது மலைத்தோட்டத்தின் அமைப்பிலிருந்து பிறந்த வாதம். கங்காணி வழியாக ஆள் சேர்த்து, லயத்தில் குடியமர்த்தி, வீட்டையும் நிலத்தையும் தோட்டத்தின் பெயரிலேயே வைத்துக்கொண்டால், நூறாண்டு வாழ்ந்தவனும் பதிவேட்டில் வழிப்போக்கனாகவே தெரிவான்.

ஏலமலையில் மற்றொரு வகை மக்கள் அப்போது குடியேறிக்கொண்டிருந்தனர். இரண்டாம் உலகப்போர்க் கால உணவுத் தட்டுப்பாட்டில், உணவு உற்பத்தியைப் பெருக்கும் பொருட்டு, திருவிதாங்கூர் அரசு மலைக்காடுகளை வேளாண்மைக்குத் திறந்துவிட்டது. மத்திய திருவிதாங்கூரின் சிறு உழவர்கள் மரவள்ளியும் நெல்லும் பயிரிட மலையேறினர். 1954இல் பிரஜா சோசலிஸ்டு கட்சியின் பட்டம் தாணுப்பிள்ளை திருவிதாங்கூர்-கொச்சியின் முதலமைச்சரானபோது இக்குடியேற்றம் அரசுத் திட்டமாகவே உருப்பெற்றது. நெடுங்கண்டத்தை அடுத்த பட்டம் காலனி அவர் பெயரைத் தாங்கியே நிற்கிறது. தேவிகுளத்தில் தடையை மீறி நேசமணியும் தோழர்களும் கைதானதும், தென்திருவிதாங்கூரில் துப்பாக்கிச்சூடு நடந்ததும் அதே 1954இல்தான். எல்லை முடிவாகும் முன் மலையின் மொழிக் கணக்கை மாற்றுவதே குடியேற்றத்தின் நோக்கம் என்று தமிழர் தரப்பு குற்றஞ்சாட்டியது. குடியேறிய உழவருக்கு அந்த அரசியல் பெரிதன்று. காட்டு யானையும் மலேரியாவுமே அவர்களுடைய அன்றாட அரசியல்.

ஏழாண்டு கழித்து அதே தாணுப்பிள்ளை கேரள முதலமைச்சராக இருந்தபோது குடியேற்றத்தின் மறுபக்கம் வெளிப்பட்டது. இடுக்கி நீர்மின் திட்டத்தின் பெயரால் 1961 மே மாதம் அய்யப்பன்கோவில் பகுதியிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. லாரிகளில் ஏற்றப்பட்டு அமராவதியில் இறக்கப்பட்டன. அங்கே வீடில்லை, விளைநிலமில்லை. தென்மேற்குப் பருவமழை தொடங்கும் காலம் அது. ஜூன் மாதம் கோபாலன் அமராவதிக்கு வந்து, கொட்டும் மழையில் காலவரையற்ற உண்ணாநிலையைத் தொடங்கினார். வயது ஐம்பத்தாறு. கேரளமெங்கும் போராட்டம் பரவியது. 1959 'விமோசன சமர'த்தில் பொதுவுடைமை அரசை வீழ்த்த முன்னின்ற வடக்கன் பாதிரியார் இம்முறை கோபாலனின் பக்கம் நின்றார். குடியேறியோரில் பெரும்பாலோர் சிரியன் கிறித்தவர். அவர்களுடைய பாதிரியாரும் கடவுளை நம்பாத தலைவரும் ஒரே மேடையில் நின்றதைக் கட்சிக் கணக்கால் விளக்கிவிட முடியாது. நனைந்துகொண்டிருந்த குழந்தைகள்தாம் அந்த மேடையை அமைத்தனர். மறுவாழ்வுக்கான அரசின் உறுதிமொழிகளுக்குப் பின்னரே உண்ணாநிலை முடிவுக்கு வந்தது.

அவ்வேளையில் இந்திய உள்துறை அமைச்சர் சாஸ்திரி. கோவிந்த வல்லப பந்தின் மறைவுக்குப் பின் 1961 ஏப்ரலில்தான் பொறுப்பேற்றிருந்தார். அமராவதி மாநில அரசின் விவகாரம், அதில் அவருக்கு நேரடிப் பங்கு இல்லை. அதே ஜூன் தொடக்கத்தில் அவர் அசாமில் இருந்தார். சில்சாரில் வங்கமொழிப் போராட்டத்தினர் சுட்டுக்கொல்லப்பட்டதன்பின் எழுந்த மொழிச்சிக்கலுக்கு 'சாஸ்திரி சூத்திரம்' என்று பின்னர் பெயர்பெற்ற தீர்வை உருவாக்கிக்கொண்டிருந்தார். சிக்கலுக்கு நடுவில் நின்று இரு தரப்பும் ஏற்கத்தக்க ஒரு வாய்பாட்டைத் தேடுவது சாஸ்திரியின் முறை. சிக்கலுக்குள் தன் உடலைக் கொண்டுபோய் வைப்பது கோபாலனின் முறை. ஒருநாள் இடைவெளியில் பிறந்த இருவரின் குணவேறுபாட்டை அந்த ஒரு மாதம் தெளிவாகக் காட்டுகிறது.

சாஸ்திரியை எளிதாகக் குறைத்து மதிப்பிடும் போக்கு தமிழ்நாட்டில் உண்டு. 1963இன் ஆட்சிமொழிச் சட்ட முன்வரைவைக் கொண்டுவந்த உள்துறை அமைச்சர், 1965 மொழிப்போராட்டத்தின்போது பிரதமர் என்ற இரு நினைவுகளும் அதற்குக் காரணம். ஆனால் 1956 நவம்பரில் அரியலூரில் மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி விரைவுவண்டி கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டபோது, பொறுப்பேற்று இரயில்வே அமைச்சர் பதவியைத் துறந்தவரும் அவரே. தொலைவில் நிகழ்ந்த சாவுக்குத் தன்னைப் பொறுப்பாளியாகக் கருதிய மனிதர், தொலைவில் வாழ்ந்த ஒன்பதே முக்கால் இலட்சம் பேரைப் பற்றி 1964இல் எவ்வாறு அப்படி ஒரு முடிவெடுத்தார் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

1964 அக்டோபர். மீண்டும் குரோதி ஆண்டு. அறுபதாண்டுச் சுழற்சி முடிந்து, பிறந்த ஆண்டின் பெயரே திரும்பி வந்திருந்தது. முதல் நாள் கோபாலனுக்கு அறுபது நிறைந்தது, மறுநாள் சாஸ்திரிக்கு. ஜதீந்திரநாத் இருந்திருந்தால் 27ஆம் நாள் அவருக்கும் மணிவிழா. ஆனால் அம்மாதம் யாருக்கும் விழாக்காலமாக இல்லை. நேரு மறைந்து ஐந்து மாதமே ஆகியிருந்தது. 14ஆம் நாள் மாஸ்கோவில் குருசேவ் பதவியிழந்தார். 16ஆம் நாள் சீனா முதல் அணுகுண்டை வெடித்தது. சீனப் போரில் பட்ட அடி ஆறாத நிலையில், தெற்கே நட்பான ஓர் இலங்கை வேண்டும் என்பது டெல்லியின் கவலை. 30ஆம் நாள் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் டெல்லியில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர்.

கணக்கு இவ்வாறு அமைந்தது. மொத்தம் 9,75,000 பேர் என்று மதிப்பிடப்பட்டது. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேரை இலங்கை ஏற்கும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசிக்கொள்ளலாம். காலக்கெடு 15 ஆண்டு. அந்த எஞ்சியோரை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் பாதிப் பாதியாக, 75,000 வீதம் பிரித்துக்கொண்டனர். இம்மக்கள் இலங்கையின் பொறுப்பு, தாமாக விரும்பி வருவோரையே இந்தியா ஏற்கும் என்பதே நேருவின் நிலைப்பாடாக இருந்தது. சாஸ்திரி அதிலிருந்து விலகி எண்ணிக்கை அடிப்படையை ஒப்புக்கொண்டார். இங்கேதான் வாய்பாடு தேடும் முறையின் எல்லை தெரிகிறது. அசாமில் வாய்பாட்டின் இரு தரப்பும் பேசுவதற்கு இடம் இருந்தது. இங்கே இரு தரப்பும் அரசுகள். பங்கிடப்பட்டவர்கள் மூன்றாம் தரப்பு. அவர்களுக்கு மேசையில் நாற்காலி இல்லை. இலங்கைத் தொழிலாளர் காங்கிரசின் தலைவர் தொண்டமான் எதிர்த்ததும் இதையே. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து விண்ணப்பங்கள் கேட்கப்பட்டபோது, இந்தியக் குடியுரிமை கேட்டோர் ஒதுக்கீட்டைவிடக் குறைவாகவும், இலங்கைக் குடியுரிமை கேட்டோர் மிகுதியாகவும் இருந்தனர். கேட்டிருந்தால் மக்கள் சொல்லியிருக்கக்கூடிய விடை அந்த விண்ணப்பக் கட்டுகளில் இருக்கிறது.

ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாள், அக்டோபர் 31, ஜதீந்திரநாத் பிறந்த கல்கத்தாவில், பிளவுபட்ட பொதுவுடைமை இயக்கத்தின் மார்க்சியப் பிரிவு தன் மாநாட்டைத் தொடங்கியது. கோபாலன் அதன் நிறுவனர்களுள் ஒருவர். இரண்டு மாதத்தில், டிசம்பர் இறுதியில், சாஸ்திரி அரசு இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் அக்கட்சியினரைப் பெருந்திரளாகக் கைது செய்தது. கோபாலனும் உள்ளே போனார். 1965 மார்ச்சில் கேரளத்தில் நடந்த தேர்தலில் அவருடைய கட்சி 40 இடங்களைப் பெற்றுத் தனிப்பெருங்கட்சியானது. வென்றோருள் பலர் சிறையில் இருந்தனர். அந்தச் சட்டமன்றம் கூடவே இல்லை. 1950இல் ஃபசல் அலி எழுதிய மாறுபட்ட தீர்ப்பை அக்காலத்தில் எத்தனை பேர் நினைத்தனரோ.

அதே ஆண்டில் பட்டினி மற்றொரு வடிவில் வந்தது. மழை பொய்த்தது, தானியக் கையிருப்பு குறைந்தது, அமெரிக்கக் கோதுமையை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு வாரமும் ஒருவேளை உணவைத் துறக்குமாறு சாஸ்திரி நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். திங்கள் மாலை அடுப்பு அணைந்த வீடுகளைப் பற்றி அக்கால மனிதர்கள் இன்றும் சொல்வார்கள். மிடில் கிளாஸ் வீடுகளுக்கு அது நாட்டுப்பற்றாக விளங்கியது. அன்றாடக் கூலிக்காரருக்குத் துறப்பதற்கென்று ஒருவேளை தனியே இருந்ததா என்பது வேறு. ஆயினும் சாஸ்திரியை இதில் ஏளனம் செய்ய முடியாது. தம் வீட்டில் முதலில் செய்துவிட்டே நாட்டைக் கேட்டதாக அவர் குடும்பத்தார் கூறியுள்ளனர். அவர் காலத்திலேயே இந்திய உணவுக் கழகம் பிறந்தது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. நெல்லின் ஊரில் அலுவலகம், நெல்லில்லா மலையில் பங்கீட்டு அரிசி. மாநில எல்லை உணவு எல்லையாகவும் மாறியபின், கம்பம் பள்ளத்தாக்கின் அரிசி மலைப்பாதைகளில் மறைவாக ஏறுவது ஒரு தொழிலாகவே நிலைத்தது.

வண்டன்மேட்டிற்குச் சாஸ்திரி காலம் நேரடியாக விட்டுச் சென்றது ஒன்று உண்டு. 1965இல் நாடாளுமன்றம் இயற்றிய ஏலக்காய்ச் சட்டம் அது. அதன் வழியே அடுத்த ஆண்டு ஏலக்காய் வாரியம் அமைந்தது. பின்னாளில் அது நறுமணப் பொருள்கள் வாரியத்துள் கரைந்தது. இன்று புத்தடியிலும் போடிநாயக்கனூரிலும் மின்னணு முறையில் நடக்கும் ஏலங்களின் வேர் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. பயிருக்குச் சட்டம் கிடைத்தது, வணிகருக்கு உரிமம் கிடைத்தது. காய் பறிப்பவரின் குடியிருப்பைப் பற்றி அச்சட்டம் பேசவில்லை. அது அதன் வேலையும் அன்று.

அமராவதியின் விளைவு நீண்டது. மாற்று ஏற்பாடு இல்லாமல் குடியேறியவரை அகற்றலாகாது என்ற கொள்கை கேரள அரசியலில் மெல்ல ஊன்றியது. 1977 ஜனவரி 1க்கு முந்தைய வனநிலக் குடியேற்றங்களுக்குப் பட்டா வழங்க 1993இல் விதிகள் வந்தன. இடுக்கியின் பட்டாப் பேச்சு இன்றளவும் அந்த நாளைச் சுற்றியே நடக்கிறது. ஒருவர் பெரியாற்று மழையில் உண்ணாமல் படுத்ததற்கும், உழவர் ஒருவர் கையில் பட்டா வந்ததற்கும் இடையே முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட பாதை இருக்கிறது. ஆனால் அப்பாதை தோட்டத்து லயங்களின் வழியே செல்லவில்லை. கேரள நிலச்சீர்திருத்தச் சட்டம் தோட்டங்களுக்கு விலக்களித்தது. உழுதவனுக்கு நிலம் என்ற முழக்கத்தில் கொழுந்து கிள்ளியவளும் காய் பறித்தவளும் சேரவில்லை. 1970களின் தொடக்கத்தில் கோபாலன் நடத்திய மிச்சநிலப் போராட்டங்கள், திருவனந்தபுரத்தில் முடவன்முகள் அரண்மனை மதிலை அவர் ஏறிக் கடந்தது உள்பட, உச்சவரம்புக்கு மேற்பட்ட நிலத்தைக் குறிவைத்தவை. தோட்டம் அந்த வரம்புக்கு வெளியே நின்றது. அவர் தொழிலாளரை மறந்தார் என்று சொல்வது பொருந்தாது. தொழிலாளருக்குக் கூலியும் உழவனுக்கு நிலமும் என்று அக்காலத்து இடதுசாரி அரசியல் பிரித்து வைத்திருந்தது. தொழிலாளிக்கும் நிலம் வேண்டும் என்ற கேள்வி அந்தப் பிரிவில் விழாமல் போயிற்று.

சாஸ்திரி 1966 ஜனவரி 11ஆம் நாள் தாஷ்கண்டில் மறைந்தார். தாம் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் ஒரு கப்பலையும் அவர் காணவில்லை. கோபாலன் 1971இல் பாலக்காட்டிலிருந்து நாடாளுமன்றத்திற்குத் தேர்வாகி, அவசரநிலை முடிந்த மறுநாளான 1977 மார்ச் 22இல் மறைந்தார். அதற்கு முந்தைய ஆண்டு, 1976 பிப்ரவரியில், அய்யப்பன்கோவில் மக்களை அகற்றக் காரணமாயிருந்த இடுக்கித் திட்டத்தை இந்திரா காந்தி தொடங்கிவைத்தார். அதே 1976இல், தாயகம் திரும்பிய இலங்கைத் தமிழருக்காகப் புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு ரப்பர்த் தோட்ட நிறுவனம் பதிவாயிற்று. குளத்துப்புழையிலும் ஆயிரநல்லூரிலும் அவர்கள் குடியமர்த்தப்பட்டனர். நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அதற்கு முன்பே தொடங்கிவிட்டன. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் எழுதிக்கொண்டு, மீண்டும் ஒரு மலை, மீண்டும் ஒரு லயம். கப்பல் போக்குவரத்து 1980களின் இனக்கலவரங்களோடு நின்றது. இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.

கம்பம், போடிப் பகுதிகளிலிருந்து இன்றும் விடியற்காலையில் ஜீப்புகள் பெண்களை நிறைத்துக்கொண்டு மலையேறுகின்றன. அந்தி சாயும்போது இறங்குகின்றன. வண்டன்மேட்டுத் தோட்டங்களின் ஏலக்காயில் பெரும்பங்கு அவர்கள் கைவழியாகவே களத்திற்கு வருகிறது. எல்லை தாண்டி நாள்தோறும் வந்து போகும் இவர்களை எந்தப் பதிவேட்டில் எந்த ஊராராகக் குறிப்பது என்பதை 1955இன் ஆணையமும் முடிக்கவில்லை, 1964இன் ஒப்பந்தமும் முடிக்கவில்லை.